ஃபெயில் என்றால் என்னவென்று சொன்னவளுக்கு

இன்று வகுப்பு நடுவில் பக்கத்து வீட்டுக் குசினியில் யாரோ கருவாடு பொரித்தார்கள். ஜன்னலால் வந்த அந்த வாசத்துக்கு எனக்குப் பசி வரவில்லை, கோபம்தான் வந்தது. உன் மேல். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, இன்னும் ஆறவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒருவர் 'ஃபோல் த்ரூ' என்றால் என்னவென்று கேட்டார். நாம் இருவரும் இந்த ஆங்கில மாலை வகுப்பைத் தொடங்கிய புதிதில் ஒரு மீனவரும் இதையே கேட்டார், நினைவிருக்கிறதா? நீர்கொழும்பில் அவர் வாங்க இருந்த படகைப் பற்றித் தரகர் அப்படிச் செய்தி அனுப்பியிருந்தார். படகு தாழ்ந்துவிட்டதென்று பதறி ஓடிவந்தார் மனிதர்.

"ஒண்டும் விழயில்ல. நடக்க இருந்த வியாபாரம் நடக்காமப் போச்சு, அவ்வளவுதான். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினா இப்பிடித்தான்" என்று மேசையில் தட்டினாய்.

எனக்கு இந்த ஆங்கிலத்தோடு பொறுமையே இல்லை. காதலிலும் விழுகிறார்கள், நித்திரையிலும் விழுகிறார்கள். எல்லாம் நல்லபடி கூடிவந்தால்கூட 'ஃபோல் இன்டு பிளேஸ்' என்று விழத்தான் செய்கிறது. நான் சலித்துக்கொண்டால் நீ சிரிப்பாய்.

பிறகு உனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, வகுப்பின் படியில் பாதியிலேயே நின்றுவிடுவாய். ஆஸ்பத்திரியில் டொக்டர் 'ஹார்ட் ஃபெயிலியர்' என்றார். உன் கணவர் அதில் 'ஃபெயில்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, எல்லாம் முடிந்ததென்று வார்டு வாசலிலேயே அழுதுவிட்டார். நீ கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாய்.

"ஏன் அழுறீங்க? ஃபெயில் எண்டா நிண்டுபோச்செண்டு அர்த்தமில்ல. உடம்பு கேக்கிற அளவுக்கு ரத்தத்தப் பம்ப் பண்ண ஏலாம களைச்சுப்போச்சு. குளிசையப் போட்டு உப்பக் குறைச்சா கனகாலம் ஓடும்."

பக்கத்துக் கட்டில் பெண் தன் ரிப்போர்ட்டையும் உன்னிடம் நீட்டினாள்.

இவ்வளவு தெரிந்தவள் என்ன செய்தாய்? ஒரு நாள் சொல்லாமல் உன் வீட்டுக்கு வந்தேன். சோற்றுப் பீங்கானில் பொரித்த கருவாடு.

"என்னடி இது?"

"கோவிக்காத புள்ள. இண்டைக்கு மட்டும் வண்டியால விழுந்திட்டன். நாளைக்கு ஏறிருவன்."

விட்ட குடியை, விட்ட சாப்பாட்டை மறுபடி தொடங்கியவரை ஆங்கிலத்தில் வண்டியிலிருந்து விழுந்தவர் என்பார்கள். வகுப்பில் அதைப் படிப்பித்ததே நீதான். சொல்லுக்குச் சொல் தமிழாக்காதே என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, என்னைச் சமாளிக்க மட்டும் அப்படி ஆக்கிக் காட்டினாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் எரிச்சல். பீங்கானைப் பறித்துக்கொண்டுபோய் உன் கோழிகளுக்குக் கொட்டினேன்.

அடுத்த கிழமையும் விழுந்தாய். அதற்கடுத்த கிழமையும். கால் வீங்கியது, குளிசைகள் கூடின. கடைசியாக ஆஸ்பத்திரியில் படுக்கவும் ஏலாமல், உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடினாய். அன்று யாருக்கும் எதையும் விளங்கப்படுத்த உன்னிடம் மூச்சிருக்கவில்லை.

இப்போதெல்லாம் இதயமோ சிறுநீரகமோ 'ஃபெயிலியர்' என்று கேள்விப்பட்டவர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். நீ சொன்ன சொற்களையே சொல்கிறேன்: நின்றுபோகவில்லை, களைத்திருக்கிறது. அவர்களுடைய முகம் தெளிகிறது. உடனே எழும்பப் பார்ப்பார்கள். நான் விடுவதில்லை.

"இருங்கோ. வீட்டில என்ன சாப்பிடுறீங்கள்?" என்று கேட்கிறேன்.

முதலில் வரும் பதிலை நம்புவதுமில்லை.