வாழ்த்து பேனரில் உன் முகம்

போன திங்கட்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் புது பேனர் வாடை குப்பென்று அடித்தது. டீக்கடைக்குப் பக்கத்தில் சவுக்குக் கம்பு நட்டுக் கட்டியிருந்தார்கள். வெயிலில் சூடேறிய அந்த வாடை உனக்கு ஆகவே ஆகாது, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாய். நம் வார்டுக் குழுவின் புதிய உறுப்பினர்களுக்கு இதயம் கனிந்த வாழ்த்துகளாம். வரிசையாகச் சிரித்த முகங்கள். கடைசியில் நீ.

அது எந்தப் படம் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. உன் கண்ணீர் அஞ்சலி பேனருக்காக நான்தான் என் போனிலிருந்து பிரிண்ட் கடைக்கு அனுப்பினேன். என் கல்யாணத்தில் நீ பந்தியில் உட்கார்ந்து சிரித்தது. அன்று ஓரத்தில் மெழுகுவர்த்தி வைத்தார்கள். இப்போது அதை எடுத்துவிட்டுப் பூங்கொத்து வைத்திருக்கிறார்கள். நடு ரோடு என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். "செத்துப் போனவளுக்கு இன்னாய்யா வாழ்த்து?"

டீக்கடைக்காரர் வெளியே வந்து சமாதானம் சொன்னார். "கமிட்டிக்குப் பொம்பளை பேரு ஒண்ணு கொறைஞ்சுதாம்மா. நீங்க முன்னாடி குடுத்த மனு ஆபீஸ்ல கெடந்துது, அதுலேர்ந்து எடுத்துப் போட்டுட்டாங்க. போட்டோ எங்கிட்டயே கீதுன்னு பிரிண்ட் கடைக்காரன் சொல்லிட்டான்." உயிரோடு இருக்கிறாயா என்று ஒருவரும் ஒரு போன் செய்து கேட்கவில்லை.

அந்த மனுவுக்காக நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். நம் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் வருவது காலை பத்து மணிக்கு மேல். அப்போது முதல் ஷிப்ட் ஆட்கள் கம்பெனி லைனில் வேலையில் நிற்பார்கள், நைட் ஷிப்ட் முடித்தவர்கள் அடித்துப் போட்டதுபோல் தூங்குவார்கள். வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும் தொட்டி தொட்டியாகப் பிடித்து வைப்பார்கள். "நாம இல்லாத நேரமாப் பாத்துத் தண்ணி விடுதாவ, நாம இருக்க நேரம் கொழாய் காஞ்சு கெடக்கு. எவம்ட்டி இந்த நேரத்த வச்சது?" என்று உன் தென்காசிப் பேச்சில் கொதிப்பாய். வார்டுக் குழுதான் இதையெல்லாம் சொல்லலாம் என்று கேள்விப்பட்டதும், அதில் வாடகைக்கு இருப்பவர் ஒருவராவது உட்கார வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாய்.

ஆனால் குழுவுக்கு ஆள் எடுக்கும் கூட்டத்தையும் வேலை நாளில் பகல் பதினோரு மணிக்கே வைத்தார்கள். நம் தெருவிலிருந்து யார் போக முடியும்? நீ விடவில்லை. ஒரு ஷிப்ட் இறங்கி அடுத்த ஷிப்ட் ஏறும் அந்தக் கொஞ்ச நேரத்தில், இதே பஸ் ஸ்டாப்பில் நம் கூட்டத்தைப் போட்டோம். ஆளாளுக்கு ஒரு கம்பெனி, ஒரு நிறத்தில் சட்டை. நம் தெரு சார்பில் யார் என்று நான் கேட்டேன். டிபன் பை தொங்கிய கைகள் எல்லாம் உனக்காக உயர்ந்தன. பஸ் டிரைவர்கூட ஹாரன் அடிக்காமல் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையைத் தூக்கினார். "ஏ, ஒனக்கு இங்க ஓட்டு கெடையாதுண்ணே" என்று நீ அவரை விரட்ட, எல்லோரும் சிரித்தோம்.

ஓட்டு என்றதும் இன்னொன்று. உறுப்பினராக வேண்டுமானால் இந்த வார்டிலேயே ஓட்டு இருக்க வேண்டும் என்றார்கள். வீட்டு ஓனர் வாடகை அக்ரிமெண்ட் தர மாட்டேன் என்றார். கேஸ் கனெக்‌ஷன் ரசீதை வைத்து அலைந்து அலைந்து ஓட்டை ஊரிலிருந்து இங்கே மாற்றினாய். உன் அப்பா ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. பிறந்த ஊரில் பேர் இல்லாமல் பண்ணிக்கொண்டாயே என்று அம்மாவிடம் சொல்லி அழுதாராம். என்னிடம் அதைச் சொல்லும்போது உனக்கும் கண் கலங்கியது.

அவ்வளவும் செய்துவிட்டு மனுவோடு போய் நின்றால், கவுன்சிலர் அம்மாவுக்குப் பதிலாக எப்போதும் பேசுகிற அவர் வீட்டுக்காரர் உன்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "வாடகை வூட்டுக்காரங்க இன்னிக்கு இருப்பீங்க, நாளைக்கு காலி பண்ணிக்கினு பூடுவீங்க. உள்ளூர்க்காரங்களுக்குத்தாம்மா குடுக்க முடியும்." கவுன்சிலர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து நீ என்னைப் பிடித்துக்கொண்டாய். "பத்து வருசமா இங்கன கெடக்கேன். நான் என்ன லாரில ஏத்தி எறக்குத சரக்காட்டி?" இங்கே பக்கத்திலேயே, சேரப்பணஞ்சேரியில் பிறந்த எனக்கே நெஞ்சு எரிந்தது. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை.

பேனரைப் பார்த்த மறுநாளே நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அந்த இடத்துக்கு நம் தெருவிலிருந்து வேறு ஒருத்தியைப் போடுங்கள் என்றேன். அங்கிருந்த கிளார்க் நிதானமாகச் சொன்னார். "பேரை மாத்தணும்னா திரும்பத் தீர்மானம் போடணும்மா. அவங்க தொடர்ந்து கூட்டத்துக்கு வரலைன்னா தானா நீங்கிடும். கொஞ்சம் வெயிட் பண்ணுங்க." நீ வராமல் இருப்பதற்காகக் காத்திருக்கச் சொல்கிறார்கள். இதை எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

நேற்றுதான் குழுவின் முதல் கூட்டம். சம்பளம் பிடித்தால் பிடிக்கட்டும் என்று லீவு போட்டுவிட்டுப் போனேன். வருகைப் பதிவில் உன் பேரைப் படித்தார்கள். யாரும் தலை நிமிரவில்லை. "வரல" என்று அவர்களே சொல்லி எழுதிக்கொண்டார்கள். நான் எழுந்தேன். "அவ எறந்துட்டா சார். உசுரோட வந்து நின்னப்போ வெளியூர்க்காரின்னீங்க, செத்தப்புறம் மெம்பர் ஆக்கிட்டீங்களே" என்றேன். கவுன்சிலரின் வீட்டுக்காரர் கையமர்த்தினார். "இன்னாம்மா நீ, அவங்களுக்கு ஒரு மரியாதைன்னு வெச்சுக்கயேன்."

மரியாதை என்ற சொல்லைக் கேட்டதும் நான் உடைந்துவிட்டேன். தண்ணீர் வரும் நேரத்தைப் பற்றிப் பேசத்தான் போயிருந்தேன். தெருவே அதைச் சொல்லித்தான் அனுப்பியது. ஆனால் நான் விம்மி விம்மி அழுதேன். உடனே எல்லோரும் நல்லவர்களாகிவிட்டார்கள். ஒரு அம்மா முதுகைத் தடவினார். யாரோ தண்ணீர் பாட்டில் மூடியைத் திறந்து கையில் கொடுத்து என்னை உட்கார வைத்தார்கள். நான் மூக்கைத் துடைத்து நிமிர்வதற்குள் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். சாயங்காலம் ஸ்டாப்பில் இறங்கியவர்கள் என்னாச்சு என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை.

நீ போன நாளிலிருந்து உனக்காக நான் சரியாக அழுததுகூட இல்லை. இரண்டு நாள் லீவு, பிறகு லைன், பிறகு வீடு. அதையெல்லாம் போயும் போயும் அவர்கள் முன்னால் அழுது தீர்த்துவிட்டேனே என்றுதான் ஆறவில்லை.

அடுத்த கூட்டத்திலும் உன் பேரைப் படிப்பார்கள். அதற்கடுத்ததிலும் படிப்பார்கள். ஒவ்வொரு முறையும் நான் எழுந்து, நீ இல்லை என்று சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு உட்காராமல் தண்ணீரைப் பற்றிக் கேட்க வேண்டும். அதனால் நேற்று ராத்திரியிலிருந்து சமையல்கட்டில் தனியாக நின்று, அழாமல் சொல்லிப் பழகுகிறேன். அவ எறந்துட்டா சார். இன்னும் ஒரு தடவைகூட முழுதாகச் சொல்ல வரவில்லை.