விறைத்துக் கிடந்த ஆமை

நவம்பர் 8, சனி

மூன்று நாளாக வடமேற்குக் காற்று. கேப் காட் விரிகுடா சட்டென்று சில்லிட்டுவிட்டது. தெற்கே போகத் தவறிய கடலாமைகள் விறைத்துக் கரையில் ஒதுங்கும் வாரம் இது.

காலை நடைக்குப் பதினோரு பேர். அழைத்துப்போனவர் எல்ட்ரெட்ஜ், ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர். மணல்மேட்டில் காட்டு ரோஜாப் பழங்கள் சுருங்கிச் சிவந்திருந்தன. ஈடர் வாத்துகள் அலைக்கு அலை ஏறி இறங்கின. பாசி ஒதுங்கிய கோட்டில் ஓர் ஆமை, சாப்பாட்டுத் தட்டு அளவு. எல்ட்ரெட்ஜ் அதைக் காலணி நுனியால் தொட்டார் — காலணி நுனியால்! — "செத்துப்போச்சு" என்றார்.

இந்தக் கரையில் யாரும் சொல்லக் கூடாத சொல் அது. விறைத்த ஆமையின் இதயம் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறைதான் துடிக்கும், கண்ணுக்குத் தெரியாது. அலை எட்டாத இடத்தில் வைத்து, காய்ந்த பாசியால் மூடி, பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு கட்டையை நட்டு, மீட்பு நிலையத்துக்குப் போன் செய்ய வேண்டும். உயிர் இருக்கிறதா என்று அவர்கள்தான் சொல்வார்கள். அவருக்குத் தெரியாதா? தன்னார்வலர் பயிற்சியில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்!

"சார், மூடி வெச்சிட்டுப் போகலாமே."

"டெலியா, முப்பது வருஷமா இதுங்களைப் பார்க்கிறேன். நூலகத்துல உட்கார்ந்து படிச்சதை எல்லாம் என்கிட்ட ஒப்பிக்காதே. அங்க பாரு, கானெட் பறவை கடல்ல பாயுது!"

எல்லோரும் சிரித்தார்கள். கானெட் பார்க்கப் போனார்கள்.

நானும் போனேன்.

அதே நாள், மாலை 4

திரும்பிப் போய்ப் பார்த்தேன். ஆமை இல்லை. அலை வந்து போயிருக்கிறது. மனுஷனா அந்தாளு?

நவம்பர் 9

வானமும் தண்ணீரும் ஒரே ஈயநிறம். கோபம் அடங்கவில்லை.

நவம்பர் 10

மீட்பு நிலையத்தில் இருக்கும் வின்னி, நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு வந்தாள். ஆமையை அலை கொண்டுபோகவில்லையாம். நடைக்கு வந்திருந்த ஒஹையோக்காரி பெவர்லி திரும்பிப் போய் எடுத்திருக்கிறாள். காரில் ஹீட்டரை முழுசாக வைத்து நிலையத்துக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

"நாலு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா ஏத்த வேண்டிய சூடுடீ. முக்கால் மணி நேரத்துல ஏத்திட்டா. அது ஆமையா, அடுப்புல வாட்டுற வான்கோழியா?"

வந்தபோது உயிர் இருந்ததாம். நேற்று போய்விட்டது.

அப்படியானால் அன்று கரையில் உயிரோடுதான் கிடந்தது. ஆனால் நான் நாள் முழுவதும் திட்டியது பெவர்லியை. யாரைக் கேட்டு எடுத்தாள்? மூளை இருக்கிறதா? அவளைத் திட்டுவது வசதியாக இருந்தது.

நவம்பர் 12

பெவர்லி தினமும் நிலையத்துக்குப் போன் செய்கிறாளாம். உண்மையைச் சொல்ல வின்னிக்கு மனம் வரவில்லை. நான் சொல்கிறேன் என்றேன். எவ்வளவு ஆவல் எனக்கு!

பெவர்லிக்குப் போன் செய்து, ஆமை செத்ததையும் ஹீட்டரைப் பற்றியும் சொன்னேன். அவள் கேட்டாள்:

"எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. நீங்களும் அங்கதானே நின்னீங்க? ஏன் விட்டுட்டுப் போனீங்க?"

நாலு பேர் சிரித்ததற்காக என்று எப்படிச் சொல்வது?

சொன்னேன்.

நவம்பர் 13

இனி உங்கள் நடைக்கு வரமாட்டேன் என்று எல்ட்ரெட்ஜிடம் சொன்னேன், காரணத்தோடு. "ஒரு ஆமைக்காகவா?" என்றார். ஆமாம், ஒரு ஆமைக்காக.

நவம்பர் 15, சனி

காலைக் கடலேற்றம் வடிந்ததும் தனியாக நடந்தேன். காற்று முகத்தை அறுத்தது. ஓர் ஆமை கிடந்தது. மேட்டுக்குத் தூக்கி வைத்தேன். நாயோடு வந்த ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"பாவம், செத்துப்போச்சா?"

"தெரியாது. கொஞ்சம் காஞ்ச பாசி பொறுக்கித் தாங்க."

முகம் சுளித்தார். பிறகு நாய்க் கயிற்றை ஒரு கையில் சுற்றிக்கொண்டு, மறு கையால் நிறையவே பொறுக்கினார்.