என் வீட்டுக்கு இன்சூரன்ஸ் எதற்காம்

அன்புள்ள இருளம்மாளுக்கு, புஜ் நகரத்திலிருந்து கருத்தக்கண்ணன் எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா, இல்லை பூண்டு மண்டியிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாயா?

செவ்வாய்க்கிழமை இங்கே பூமி லேசாக ஆடியது. பயப்படாதே. மெஸ்ஸில் எல்லாரும் வெளியே ஓடினார்கள். நான் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போனேன். ஒரு சாம்பார் கரண்டி மட்டும் விழுந்தது.

நம் வடுகபட்டி வீட்டுக்கு நிலநடுக்க இன்சூரன்ஸ் போடலாமா என்று கேட்டிருந்தாய். நம் பக்கம் அதிர்வு வருவதே அபூர்வம், வீண்செலவு என்றுதான் எழுத இருந்தேன். அதற்குள் தம்பி ஈஸ்வரபாண்டி போனில் சிரிக்கிறான்.

"அண்ணே, ஒங்க வீடு விழுந்தா கோழிகூட திரும்பிப் பாக்காது. அதுக்குப் போயி இன்சூரன்சா?"

பாகம் பிரித்தபோது மச்சு வீட்டை எடுத்துக்கொண்டு எனக்கு வெறும் இடத்தைத் தள்ளியவன் அவன். அந்த இடத்தில், நீ பூண்டு தரம் பிரித்த கூலியிலும் நான் கரண்டி பிடித்த சம்பளத்திலும் எழுந்த வீடு அது. ஆகவே போட்டுவிடு. முழு மதிப்புக்குப் போடு. பத்திரம் உன் பெயரில் இருக்கிறது, பாலிசியும் உன் பெயரிலேயே வரட்டும். ஒருவேளை விழுந்தால், விழுந்தது ஒரு வீடு என்று கம்பெனிக்காரன் எழுதிக் கொடுக்கட்டும்.

ஏஜென்ட் வந்து போட்டோ எடுப்பாராம். அதற்குமுன் முன்சுவருக்கு வெள்ளையடித்துவிடு.

கேஸ் வண்டி வந்துவிட்டது, நிறுத்துகிறேன். ஏஜென்டுக்கு வீடு மட்டும் போதும். எனக்கு அனுப்பும் படத்தில் நீ வாசலில் நிற்க வேண்டும்.

கருத்தக்கண்ணன்