வளையத்தில் வைத்துப் பார்க்காத கேஜ்

மார்ச் 4, புதன்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. பட்டறையில் துப்பாக்கிக் குழலின் உள் அகலம் அளக்கும் கேஜைக் கீழே போட்டது நான்தான். திங்கட்கிழமை, முதலாளி தொந்தியைத் தள்ளிக்கொண்டு நடப்பதை நடந்து காட்டினேன். கையிலிருந்த கேஜ்தான் அவருடைய சுருட்டு. பாலிஷ்காரர் சிரித்த சிரிப்பில் எனக்குத் தலைகால் புரியவில்லை, நழுவிவிட்டது. துடைத்துப் பெட்டியில் வைத்தேன். முள் நன்றாகத்தான் ஆடியது.

மார்ச் 5, வியாழன்

காலையில் கேஜை அளவு வளையத்துக்குள் விட்டேன். முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றது.

கீழே விழுந்தால் வளையத்தில் சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்த குழலைத் தொட வேண்டும். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கே தெரிந்த விஷயம். விழுந்த பிறகு அளந்தது ஒரே துப்பாக்கி. பல் டாக்டரம்மாவுடைய அப்பாவின் இரட்டைக் குழல், எண்பது வருடப் பழசு. குழல் வாய்ப்பக்கம் எவ்வளவு குறுகுகிறது என்ற கணக்கு சரியாகவே வந்தது. வராமல் என்ன? நடுவிலும் வாயிலும் ஒரே தப்பு, கழித்தால் காணாமல் போய்விடும். அதனால்தான் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆனால் உள்ளே நான் எழுதியதைவிட அகலம். அகலம் என்றால் குழலின் சுவர் மெலிசு. மெலிசு என்றால் வெடிக்கும்போது—

‘சுடலாம்’ என்ற சீட்டில் என் கையெழுத்து. ஞாயிற்றுக்கிழமை வட்டு சுடும் போட்டிக்குக் கொண்டுபோகிறார்களாம். சுடுகிறவரின் இடது கை குழலுக்கு நேர் அடியில் இருக்கும்.

மார்ச் 6, வெள்ளி

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “ஊரையே கேலி பண்ற வாய், இதுக்கு மட்டும் திறக்காதா?” என்றார். அவர் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். டாக்டரம்மா நாளைக்குத்தான் வருவாராம், பல்வலியா என்று அங்கிருந்த பெண் கேட்டாள். ஆமாம் என்றுவிட்டேன். துப்பாக்கி என்றால் போலீஸைக் கூப்பிடுவாளோ என்று பயம்.

மார்ச் 7, சனி

நாற்காலியில் உட்கார வைத்தார்கள். “டாக்டரம்மா, அந்தத் துப்பாக்கி” என்று ஆரம்பிப்பதற்குள் கண்ணாடி வாய்க்குள் வந்துவிட்டது.

“பயப்படாதீங்கம்மா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்.”

எல்லாம் முடிந்து, மரத்த வாயால் உளறி உளறிச் சொன்னேன். டாக்டரம்மா கையுறையைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டார்.

“நாளைக்கு அதுல என் பொண்ணு முதல் தடவையா சுட வேண்டியது.”

எனக்கு அழுகை வந்தது. வாய் கோணியிருந்ததால் அழவும் வரவில்லை.

மார்ச் 9, திங்கள்

துப்பாக்கி திரும்பி வந்தது. முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சுருட்டு உட்பட. வேறு கேஜ் எடுத்து அவரே அளந்தார். இடது குழலின் சுவர் நடுவில் தபால் அட்டை மாதிரி மெலிசாக இருந்தது.

“இனி என்னை மாதிரி நடக்கறதா இருந்தா, வெறுங்கையோட நட.”

வேலை போகவில்லை.

மார்ச் 11, புதன்

கீழ் வரிசையில் ஒரு பல் இல்லை, சனிக்கிழமை டாக்டரம்மா பிடுங்கியது. சொத்தையாம், எனக்கு வலித்ததே இல்லை. இன்று பாலிஷ்காரருக்கு முதலாளி விசிலடிப்பதைச் செய்து காட்டினேன், வெறுங்கையோடுதான். அந்த ஓட்டை வழியாக எச்சில் போனது. எதிரே வந்த முதலாளியின் சட்டையில், இரண்டாவது பொத்தானுக்குப் பக்கத்தில் பட்டது.