மஞ்சள் குழாய், பச்சைக் குழாய்

6 அக்டோபர் 2025, திங்கள்

வண்டி வாங்கி இன்றோடு மூன்று வாரம். ஜப்பானில் யாரோ ஓட்டிக் கழித்தது, எனக்குப் புதுசு. பெட்ரோல் மூடியைத் திறந்தால் உள்ளே ஓர் ஒட்டுத்தாள், 'பிரீமியம் மட்டும்' என்று. அதைப் படித்த நாளிலிருந்து நிம்மதி இல்லை. மஞ்சள் குழாயில் தொண்ணூற்றைந்து ஆக்டேன், பச்சைக் குழாயில் தொண்ணூற்றேழு. போன வாரத்திலிருந்து அரசாங்க மானியம், கவுண்டரில் ஐசியை, அதுதான் அடையாள அட்டையை, கொடுத்தால் மஞ்சள் லிட்டர் ஒரு வெள்ளி தொண்ணூற்றொன்பது சென். பச்சை மூன்று வெள்ளிக்கு மேல்.

ஒர்க்‌ஷாப் ஆ சோங்கிடம் கேட்டேன். "மஞ்சள் போதும்லா, என்ஜின் ஒன்னும் அழாது" என்றான். என் மனைவி துளசியிடம் கேட்டேன். "காருக்கு நல்லது பாக்குறதுக்கு முன்னாடி வீட்டுக்கு நல்ல அரிசி வாங்குங்க" என்றாள். பிறகு யாரிடமும் கேட்கவில்லை.

இது என் புத்தகம், உண்மையை எழுதிவிடுகிறேன். முதல் வாரம் மச்சான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது பச்சை ஊற்றினேன். தனியாகப் போனால் மஞ்சள்தான். ஐம்பத்தைந்து வயதில் இப்படி ஒரு பிழைப்பு.

9 அக்டோபர், வியாழன்

இந்த வாரம் அர்ச்சுனன் அண்ணன் வண்டியில் வேலைக்கு. கையுறை ஃபேக்டரியில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், நான் ஸ்டோர் சூப்பர்வைசர். ஒரே தோட்டத்தில், ஒரே லய வீட்டு வரிசையில் பிறந்தவர்கள். இப்போது தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் ஒரே தாமான் குடியிருப்பில் இரண்டு தெரு தள்ளி வீடு. ஒரு வாரம் அவர் சாகா கார், ஒரு வாரம் என் வண்டி. பின்சீட்டில் பவித்ரன், தரம் பார்க்கும் கியூசி பையன், போன வருடம் வேலைக்குச் சேர்ந்தவன்.

வழியில் எண்ணெய் ஊற்ற நிறுத்தினார். இருபத்திரண்டு வருடத்துச் சாகா, கதவை இரண்டு முறை அடித்தால்தான் சாத்தும். அதற்குப் பச்சைக் குழாயைத் தூக்கினார் பாருங்கள்! போன மாதம் வரை மஞ்சள்தான் ஊற்றிக்கொண்டிருந்தார். எல்லாரும் மஞ்சளுக்கு ஓடுகிற நேரத்தில் மனிதர் பச்சைக்குத் தாவியிருக்கிறார்.

"என்னண்ணே, சாகாவுக்குச் சத்து மருந்தா?" என்றேன்.

"வயசான வண்டிலா. நல்லது குடுத்தாதான் ஓடும்" என்றார்.

பவித்ரன் சிரித்தான். அவன் சிரித்தால் எனக்கு வாய் நிற்காது. கேன்டீனில் அவருக்கு 'டத்தோ' என்று, சுல்தான் கொடுக்கிற பட்டத்தையே பேராக வைத்துவிட்டேன். மத்தியானத்துக்குள் பேக்கிங் பெண்கள் வரைக்கும் பரவிவிட்டது. அவரும் சிரித்தார்.

13 அக்டோபர், திங்கள்

என் வாரம். பவித்ரன் இருந்ததால் பச்சை ஊற்றலாமா என்று ஒரு நிமிடம் நின்றேன். ஐசியைக் கொடுத்து மஞ்சள் ஊற்றினேன். டத்தோ வண்டியை விட்டு இறங்கவில்லை.

17 அக்டோபர், வெள்ளி

எழுத வேண்டுமா? எழுதாவிட்டால் இன்னும் மோசம்.

என் வண்டியை டயர் மாற்றப் போட்டிருந்ததால் இன்றைக்கு அண்ணனின் சாகாவில் போனோம். வேலை முடிந்து வரும்போது பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. தீபாவளிக் கூட்டம், பெட்ரோல் நிலையத்தில் கவுண்டர் வரைக்கும் வரிசை. நான் அவருக்கு முன்னால் இறங்கி ஓடினேன். "பம்ப் நாலு, தொண்ணூத்தஞ்சு. தீபாவளிக்கு என் செலவு" என்று கத்தினேன். இவருக்கு இன்றைக்கு மஞ்சள் ஊற்றியே தீருவது, இந்தப் பந்தா இன்றோடு ஒழிந்தது — அதுதான் எனக்குள் இருந்த எண்ணம்.

அவர் உள்ளே வந்தார். "வேணாம் பாலா. பச்சையே ஊத்திக்கலாம்."

"டத்தோ, காசு என்னது, ஐசி உங்களது. எடுங்க."

"வேணாம்னு சொல்றேன்லா."

குரல் மாறியது. கேட்டது எனக்கு. கேட்டும் விடவில்லை. அவர் சட்டைப் பையில் இருந்த பர்ஸை நானே உருவினேன். கார்டை எடுத்தேன். பார்க்கக்கூட இல்லை, பவித்ரனைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே கவுண்டரில் வைத்தேன். அந்த மலாய்ப் பெண்தான் பார்த்தாள். மரியாதையாகத்தான் சொன்னாள்: "அங்கிள், இது சிவப்பு ஐசி. குடிமக்களுக்குத்தான் இந்த விலை. இதுக்குக் கிடைக்காது."

வரிசையில் பத்துப் பேர் இருப்பார்கள். பாதிப் பேர் நம்ம ஆட்கள்.

அண்ணன் கார்டை எடுத்துப் பர்ஸில் வைத்தார். பர்ஸைப் பையில் வைத்தார். பொத்தான் போட்டார். "தொண்ணூத்தேழு, தங்கச்சி" என்று அவரே பணம் கொடுத்தார். மஞ்சள் கேட்டால் கார்டு கேட்பார்கள். பச்சைக்கு யாரும் எதுவும் கேட்பதில்லை. இவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் அந்த மனிதர் ஒவ்வொரு லிட்டருக்கும் அதிகமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தாமானில் எங்களை இறக்கிவிட்டார். அவர் போன பிறகு பவித்ரன் கேட்டான்: "அங்கிள், அவரு இந்தியாலேருந்து வந்தவரா?"

என்னைவிட நாலு வருடம் முன்னால் அதே லயத்தில் பிறந்தவர்டா. இதைச் சொல்லாமல் கேட்டைத் திறந்து உள்ளே போய்விட்டேன்.

18 அக்டோபர், சனி

அவருக்குச் சிவப்பு ஐசி என்பது எனக்குத் தெரியாது என்று துளசியிடம் சொன்னேன். பொய். தெரியும். தெரிந்ததை மறந்துவிட்டேன், அது இன்னும் கேவலம்.

அவர் பிறந்தபோது பதிவு செய்யவில்லை. அம்மா பிரசவத்திலேயே போய்விட்டார், அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெரிய பையனான பிறகு பிறப்புப் பத்திரம் எடுத்தார்கள், அதில் அம்மா பேருக்கு எதிரே எந்தத் தகவலும் இல்லை. குடிமகன் இல்லை, நிரந்தரவாசி மட்டும் என்று சிவப்பு ஐசிதான் கிடைத்தது. என் அப்பா தோட்டக் கணக்கு எழுதும் கிராணியின் காலில் விழாத குறையாக நின்று எங்கள் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் பதிவு செய்தார். எனக்கும் அவருக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

2009-இல் என்னிடம் கேட்டார். குடியுரிமை மனு போடுகிறேன், இரண்டு குடிமக்கள் சாட்சியாக வந்து கையெழுத்துப் போட வேண்டும், நீ வாரியா என்று. வாரேன் என்றேன். போகவில்லை. என்ன சாக்கு சொன்னேன் என்று நினைவில்லை. பிறகு கிடைத்ததா என்று நான் கேட்கவே இல்லை. கிடைத்திருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் மை வைத்த விரலை அவரிடம் நீட்டி வம்பு பேசியிருக்கிறேன். "கூட்டமா இருக்கு, அப்புறம் போறேன்" என்பார். அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா?

20 அக்டோபர், திங்கள். தீபாவளி

அண்ணன் வருடா வருடம் பத்து மணிக்கு வந்துவிடுவார். வரவில்லை. மத்தியானம் முறுக்குடன் அவர் வீட்டு கேட் வரைக்கும் போனேன். சாகா நின்றது. திரும்பி வந்துவிட்டேன்.

22 அக்டோபர், புதன்

இனிமேல் தனியாகப் போய்க்கொள்வதாகப் பவித்ரனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். கேன்டீனில் ஒரு பெண் "டத்தோ, டீயா?" என்று கேட்டாள். "டீதான்மா" என்றார். நான் வைத்த பேர். தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

27 அக்டோபர், திங்கள்

ஸ்டோரில் அவரைத் தனியாகப் பிடித்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "எனக்கு மாசம் முன்னூறு லிட்டர் அந்த விலையில குடுக்குறாங்கண்ணே, பாதிகூட ஓடல. என் ஐசியில உங்க வண்டிக்கு ஊத்திக்கலாம்."

ஃபோர்க்லிஃப்டை நிறுத்தினார்.

"உன் பேர்ல ஊத்தி நான் ஓட்டணுமா? இந்தச் சாகா ஒன்னுதான் இந்த நாட்ல என் பேர்ல இருக்கு பாலா. அதையாவது விட்டுடுலா."

நான் என்ன மனிதன்? காயத்துக்கு மருந்து என்று நினைத்துக்கொண்டு மிளகாயைத் தடவியிருக்கிறேன்.

2 நவம்பர், ஞாயிறு

ஒரு வாரமாகப் பச்சை ஊற்றுகிறேன். அவருக்குக் கிடைக்காதது எனக்கும் வேண்டாம் என்று. இன்று நிலையத்தில் அவர் பார்த்துவிட்டார். நேராக வந்தார்.

"ஒட்டுத்தாள்ல போட்டிருக்குன்னா ஊத்து. எனக்காகன்னா, எனக்காக யாரும் விரதம் இருக்க வேணாம்."

பாதியில் நிறுத்தி மூடியை மூடினேன். அவர் சொன்னது சரி. யாராவது பார்க்க வேண்டும் என்றுதான் ஊற்றியிருக்கிறேன். மச்சான் பார்க்க ஊற்றியதும் இதுவும் ஒன்றுதான்.

14 நவம்பர், வெள்ளி

அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே போய் உட்கார்ந்தேன். அண்ணி காப்பி வைத்தார்.

"பர்ஸைப் பிடுங்கினது தப்புண்ணே. அன்னைக்கு வராததும் தப்பு. மறுபடியும் மனு போட்டா நான் வாரேன்."

காப்பியை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "புது மனு பாரம் வாங்கி வச்சிருக்கேன். வாத்தியார் சிவானந்தன் சார் வாரேன்னிருக்காரு. ரெண்டாவது ஆள் யாருன்னு இன்னும் எழுதல" என்றார்.

காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். வற்புறுத்த எனக்கு என்ன உரிமை?

30 நவம்பர், ஞாயிறு

அண்ணன் போன் செய்தார். "வியாழக்கிழமை எட்டு மணிக்கு. உன் வண்டியில போலாம்." துளசியிடம் இரண்டு முறை சொன்னேன்.

4 டிசம்பர், வியாழன்

பதிவு இலாகாவில் சிவானந்தன் சாரை முதலில் கூப்பிட்டு முடித்தார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார், கையெழுத்துக்கூட அச்சடித்த மாதிரி. அடுத்து நான். அதிகாரி அம்மா பாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எத்தனை வருடமாகத் தெரியும் என்று மலாயில் கேட்டார். பிறந்ததிலிருந்து என்றேன்.

"அப்படியானால் முன்பே ஏன் வரவில்லை? போன மனு சாட்சி இல்லாமல் நின்றுபோயிருக்கிறதே."

நின்றுபோனது எனக்கு இன்றுதான் தெரியும். பக்கத்திலிருந்து அண்ணன் சொன்னார்: "அன்னைக்கு இவருக்கு லீவு கிடைக்கல, புவான்."

அதுதான். அதுதான் நான் சொன்ன சாக்கு. அவர் சொன்ன பிறகு எல்லாமே நினைவுக்கு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டேன்.

எப்போது முடிவு வரும் என்று அவர்கள் சொல்லவில்லை. ஒரு வருடம் ஆகலாம், இரண்டும் ஆகலாம். சிவானந்தன் சாரை வீட்டில் இறக்கிவிட்டோம். நாங்கள் இரண்டு பேர் மட்டும். சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தியபோது சொல்லிவிட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு எனக்கு லீவு இருந்துச்சு. சிநேகிதர்களோட ஹுத்தான் மெலிந்தாங் சுத்தப் போயிட்டேன்."

"தெரியும்லா" என்றார், ரோட்டைப் பார்த்தபடியே. "அன்னைக்குச் சாயந்தரம் நண்டு குடுத்து அனுப்பினியே. ஹுத்தான் மெலிந்தாங் நண்டு, பிரெஷ்ஷா இருக்குன்னு நீதான் சொன்ன. உன் அண்ணி குழம்பு வச்சா. நல்லா இருந்துச்சு."

விளக்கு மாறியிருக்கிறது. பின்னால் ஹார்ன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.