கசங்காத விரிப்பு

1996 மார்ச் 13, புதன்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. நாளை டிரஸ்ட் ஆண்டு விழா. பாளையங்கோட்டை, எங்கள் அம்பாசமுத்திரம், திசையன்விளை, மூன்று ஆஸ்பத்திரிகளுக்கும் சேர்த்து சிறந்த வார்டுக்குக் கேடயம். போன வருஷம் திசையன்விளைக்காரி தட்டிக்கொண்டு போனாள். இந்த வருஷம் விடுவதாக இல்லை.

செய்ய வேண்டியது: ஜன்னல் கம்பி துடைக்க. பினாயில். டிராலி சக்கரத்துக்கு எண்ணெய். என் வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி. ஆண்கள் வார்டின் 'இவ்வருடச் சாதனைகள்' எழுதி செயலாளர் அண்ணாச்சியிடம் கொடுக்க. (கொடுத்தாச்சு. 'நோயாளிகளைச் சொந்த வீட்டு மனிதர்களாகப் பேணுகிறோம்' என்று ஒரு வரி. எனக்கே பிடித்துப்போனது.)

புது விரிப்புகள் வந்துவிட்டன. நல்ல வெள்ளை. காலையில்தான் விரிக்க வேண்டும்.

மூன்றாம் கட்டில் மாரியப்பன். ஆழ்வார்குறிச்சி, வயல் வேலை. முந்தாநாள் குடலிறக்க ஆபரேஷன். தலையணை முழுக்கத் தேங்காய் எண்ணெய். அவர் பெண்டாட்டி கோமதியைப் பிடித்து ஏசினேன். "வீட்லயும் இப்படித்தான் போட்டு வச்சிருப்பியா? நாளைக்குப் புது விரிப்பு. நான் சொல்லாம அதுல உக்காரக்கூடப் பிடாது, கேட்டியா?" "சரிம்மா" என்றாள். வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் அதிகம்தான். எல்லாம் இந்த வெயில்.

மார்ச் 14, வியாழன்

விரிப்பு விரித்தாயிற்று. ஒரு சுருக்கம் இல்லை. டிரஸ்ட்காரர்கள் பார்த்துவிட்டுப் போகும்வரை யாரும் படுக்கக் கூடாது என்று சொல்லி, நடக்க முடிந்தவர்களை எல்லாம் வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தேன். எழுந்திருக்க முடியாதவர்களை டிரெஸ்ஸிங் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். மாரியப்பன் வயிற்றைப் பிடித்தபடி ஓரமாக. கோமதி முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

சொன்ன நேரத்துக்கா வந்தார்கள். வந்ததும் செயலாளர் அண்ணாச்சி விரிப்பைத் தடவிப் பார்த்தார். "ஒரு கசங்கல் இல்லையே சிஸ்டர். ஆஸ்பத்திரின்னா இப்படில்லா இருக்கணும்." படுக்க வேண்டியவர்கள் எங்கே என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

அப்படியே விழா வேலைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சந்தனம், பன்னீர், மாலை எண்ணிக்கை. மேடையில் என் வரியை வாசித்தார்கள். கைதட்டல். கேடயம் எங்களுக்கே. கூட எனக்கு ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி. திசையன்விளைக்காரி முகத்தைப் பார்க்க வேண்டுமே. கேசரியில் முந்திரிதான் இல்லை.

நேரே வீட்டுக்கு. கால் வலி. சந்தோஷம்.

மார்ச் 15, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

காலை வார்டுக்குள் நுழைந்தேன். எல்லாக் கட்டிலும் கசங்கிக் கிடக்க, மூன்றாம் கட்டில் விரிப்பு மட்டும் நேற்று விரித்தபடி. கீழே வெறும் தரையில், கோமதியின் பழைய சேலை மேல் மாரியப்பன். டிரஸ்ட்காரர்கள் தலை மறைந்ததுமே மற்றவர்கள் ஏறிப் படுத்துவிட்டார்கள். இவர்கள் என் வாய்ச்சொல்லுக்குக் காத்திருந்திருக்கிறார்கள். நைட் டியூட்டி நர்ஸ் சொல்லியும் கேட்கவில்லையாம். "பெரிய சிஸ்டரம்மா இன்னும் சொல்லலையே" என்றாளாம் கோமதி.

என்னைப் பார்த்ததும் மாரியப்பன் மரியாதைக்கு எழுந்தார். கையை ஊன்றி, திணறி. "இருங்க, இருங்க" என்பதற்குள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தையல் பிரிந்துவிட்டது. தூக்கிக் கட்டிலில் போட்டோம். புது விரிப்பில் அவர் படுத்தது அப்போதுதான். இரத்தம்.

டாக்டர் வந்தார், கூடவே நர்ஸிங் படிக்கிற பிள்ளைகள். "தரையில யாருய்யா படுக்கச் சொன்னது?"

நான் பக்கத்தில்தான் நின்றேன், தட்டோடு. கோமதி என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்: "யாரும் சொல்லலைங்கய்யா. இவுகளுக்குத் தரையில படுத்தாத்தான் ஒறக்கம் வரும். நாங்களாத்தான் படுத்தோம்."

டாக்டர் பிள்ளைகள் பக்கம் திரும்பி, "பாத்துக்கிடுங்க. சொன்ன பேச்சு கேக்காட்டா இதுதான் கதி" என்றார். மாரியப்பன் அசட்டுச் சிரிப்பு சிரித்தார், தப்பு செய்த பிள்ளை மாதிரி. எனக்கு வாய் திறக்கவில்லை. திறக்க முடியாமல் இல்லை. திறக்கவில்லை.

மறுபடி தையல் போட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

மார்ச் 16, சனி

புழுக்கம். பால்காரர் வரவில்லை.

கேடயத்தை வார்டு வாசலில் மாட்டிவிட்டார்கள். உள்ளே போக, வெளியே வர, தலைக்கு மேலேயே இருக்கிறது.

டாக்டரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிட்டேன், நான்தான் படுக்கக் கூடாது என்றது, திரும்பப் படுக்கச் சொல்ல மறந்தது, எல்லாம். நாலு ஏச்சு ஏசியிருந்தால் தேவலை. "விடுங்க சிஸ்டர். அவங்களே ஒண்ணும் சொல்லலையே. கேடயம் வந்த நேரத்துல எதுக்கு?" என்று கையைக் கழுவப் போய்விட்டார். சரி டாக்டர் என்று நானும் வந்துவிட்டேன். அதுதான் இன்னும் கேவலம்.

படிக்கிற பிள்ளைகள் மாரியப்பனுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்: 'தரைக்காரர்'. காதில் விழுந்தது. அதட்ட எனக்கு என்ன யோக்கியதை.

மார்ச் 17, ஞாயிறு

லீவு. சொதி வைத்தேன், உப்பு இல்லை. தூக்குச்சட்டியில் தயிர் உறை ஊற்றலாமா என்று இவர் கேட்டார். அதை எடுக்காதீங்க என்று எரிந்து விழுந்தேன். ஏன் என்றார். அதைப் பரணில் ஏற்றி வைத்துவிட்டேன்.

மார்ச் 20, புதன்

காலையில் லேசாகத் தூறல். மண்ணை நனைக்கவில்லை.

மாரியப்பனுக்கு இன்று டிஸ்சார்ஜ். காய்ச்சல் இல்லை, புண் ஆறுகிறது. கனம் தூக்கக் கூடாது, வயலில் இறங்கக் கூடாது, எல்லாம் சொன்னேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

மூட்டை கட்டிவிட்டு கோமதி என் மேஜைக்கு வந்தாள். கையில் மடித்த வெள்ளை. அன்றைக்கு அழுக்குக் கூடையில் போட்ட விரிப்பு. ஆயாவிடம் கேட்டு வாங்கி, ஆற்றுக்குப் போய் அடித்துத் துவைத்து, பாறையில் காயப்போட்டு எடுத்து வந்திருக்கிறாள்.

"தேச்சுத் தேச்சுப் பாத்துட்டேன்மா, கறை முழுசாப் போகல. புது விரிப்புல்லா. ஒங்கள யாரும் ஏசிரப்பிடாதேன்னுதான்."

வாங்கிக்கொண்டேன். வார்டில் எல்லோரும் கேட்கும்படியே சொன்னேன்: "தப்பு என்னுதும்மா. நான்தான் படுங்கன்னு சொல்ல மறந்துட்டேன். அவரு ஒண்ணும் செய்யல."

அவள் பதறிப்போனாள். "ஐயோ, என்னம்மா நீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, நிஜமாகவே எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னாள்:

"இருக்கட்டும்மா. இனிம வந்தா மொதல்லயே சொல்லிருங்க. ஒரு பாயக் கையோட கொண்டாந்துருவோம்."