ஒரே அளவில் இரண்டு முனுசாமிகள்

எக்ஸ்ரே அறைக்குப் புது ஏப்ரன் வந்துவிட்டது. ஈயம் வைத்த உன் பழைய ஏப்ரனைக் கொண்டுவந்து என் நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டுப் போனார்கள். கழுத்துப் பட்டையில் இன்னும் உன் தேங்காயெண்ணெய் வாசனை. அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, திருப்பதித் தலைமைக் கிளையிலிருந்து நம் சித்தூர் ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்த புது மேனேஜர் உள்ளே வந்தார்.

“அம்மா, பாதவன்னீ தீசேத்தாம்” என்றார். பழையவற்றையெல்லாம் எடுத்துவிடலாமாம். டேட்டாபேஸ் நிரம்பிவிட்டது, புது மென்பொருளுக்குக் கடைசிச் சில வருடப் படங்கள் போதும் என்றார்.

முடியாது என்றேன். ஏன் என்று கேட்டார். முதலில் முடியாது, ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன் என்றேன். நீ இருந்திருந்தால் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய்.

இதே பேச்சை நாம் இருவரும் முன்பே ஒருமுறை கேட்டோம். அன்றைக்கு மேனேஜர் வேறு ஆள். இடம் இல்லை, பழைய நெஞ்சுப் படங்களை அழியுங்கள் என்றார். நீ எக்ஸ்ரே அறையிலிருந்து பாதி வேலையில் ஓடிவந்தாய்.

“யாரு படத்த அழிக்கப் போறாங்கோ? கல்லு அறுக்கறவங்களுதா? பழைய படம் இல்லாங்காட்டி, புதுப் படத்த மட்டும் வெச்சிக்கினு டாக்டரு இன்னா சொல்வாரு?”

நீ சொன்னது நியாயம். சித்தூரைச் சுற்றியுள்ள கிரானைட் பட்டறைகளில் தூசியை உள்ளே இழுத்து இழுத்து நெஞ்சு கெட்டவர்கள் நம்மிடம்தான் வருகிறார்கள். நோய் வருடா வருடம் ஏறுகிறது என்று காட்டப் பழைய படத்தை விட்டால் அவர்களுக்கு வேறு சாட்சி கிடையாது.

இடத்தைத் தின்பது எது என்று தெரியாமல் ஒன்றையும் அழிக்க மாட்டேன் என்று நானும் உட்கார்ந்துவிட்டேன். பில் போட வந்தவள் நான். டேட்டாபேஸை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உதவிப் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்துக் கற்றேன். இன்றும் இங்கே எனக்கு ‘டைப்பிங் அம்மா’ என்றுதான் பெயர். கூப்பிடட்டும். எத்தனை பதிவுகள் என்று எண்ணினால் எடை தெரியாது. எழுத்துகளை எண்ணும் கட்டளையும் உதவாது, படத்துக்குள் எழுத்து ஏது? ஒவ்வொரு படமும் எத்தனை பைட் என்று கேட்கும் கட்டளையைத் தேடிப் பிடித்தேன். பெரியது மேலே வரும்படி அடுக்கினேன்.

அடுக்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. எங்கு பார்த்தாலும் ஜோடி ஜோடியாக, கடைசி இலக்கம் வரை ஒரே அளவு. சுருக்கிச் சேமிக்கும் படங்கள் அவை. ஒவ்வொரு நெஞ்சும் ஒவ்வொரு அளவுக்குத்தான் சுருங்கும். அப்படியிருக்க ஒரே அளவு எப்படி வரும்?

நீதான் பெயர்களைப் பார்த்துச் சொன்னாய். “யக்கா, அல்லாம் நம்ம ஜனம்.” தமிழ்க் குடும்பத்தார் கவுன்ட்டரில் அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டுப் பெயர் கொடுப்பார்கள். ரிப்போர்ட் அடிக்கும் நேரத்தில் ஆபீஸ்காரர்கள் தெலுங்கு வழக்கப்படி வீட்டுப் பெயர் முன்னால் வேண்டும் என்பார்கள். நமக்கு ஏது வீட்டுப் பெயர்? கவுன்ட்டரில் இருப்பவர் ஊர்ப் பெயரையே வீட்டுப் பெயராக்கி இன்னொரு பதிவு திறந்து, அதே படத்தை மறுபடி ஏற்றிவிடுவார். கே. முனுசாமியே புத்தலப்பட்டு முனுசாமியாகவும் ஆகிவிடுவார். ஒரு நெஞ்சுக்கு இரண்டு இடம்.

ஜோடியில் ஒன்றை எடுத்துவிட்டால் போதும், ஒருவர் படமும் போகாது என்றேன். கட்டளையைக்கூட எழுதி வைத்துவிட்டேன். நீ என் கையைப் பிடித்தாய்.

“தொறந்து பாத்துட்டு எடுக்கா.”

“பைட் ஒன்னா கீது, பேர் ஒன்னா கீது, தேதி ஒன்னா கீது. இன்னும் இன்னாத்த பாக்கணும்?”

“நெஞ்ச பாக்கணும். நீ அரிசி மூட்டையா நிறுத்துக்கினு கீறே?”

ஒவ்வொரு ஜோடியாகத் திறந்தோம். எல்லாம் ஒன்றுதான், ஒன்றுதான் என்று நான் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். ஒரு முனுசாமி ஜோடியில் நீ நின்றுவிட்டாய். திரையில் கழுத்துக்குக் கீழே, தோள்பட்டை ஓரம் விரலை வைத்தாய். “இவருக்குக் காறெலும்பு ஒடஞ்சி கூடிக் கீது பாரு. அவருக்கு இல்ல.” ஒரே நாளில் வந்த இரண்டு முனுசாமிகள். இருவர் படமும் கடைசி பைட் வரை ஒரே அளவு. அப்படி ஒன்று நடக்கும் என்று அன்று நான் நம்பவில்லை. என் கணக்கு தவறு என்று இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது அந்த இருவரும் செய்த சதி என்றேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். மற்ற ஜோடிகளில் ஒவ்வொன்றை எடுத்ததிலேயே வேண்டிய இடம் கிடைத்துவிட்டது.

எலும்பு கூடிய அந்த முனுசாமி மறு வருடம் இருமிக்கொண்டே வந்தார். டாக்டர் பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இனிக் கல் பட்டறைக்குப் போகவே கூடாது என்று எழுதிக் கொடுத்தார். என் கட்டளை எடுக்க இருந்தது இவர் படத்தைத்தான்; அது ஓடியிருந்தால் பக்கத்தில் வைக்க ஒன்றும் இருந்திருக்காது.

கார்த்திகையில் நீ போனாய். காலையில் நெஞ்சு வலி, மாலையில் நீ இல்லை. அன்றைக்கு இவர்கள் மெஷினை ஒரு நிமிடம்கூட நிறுத்தவில்லை. அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. ஆற விடவும் மாட்டேன்.

புது மேனேஜருக்கு இன்று காரணத்தைக் காட்டினேன். பழைய படங்கள் எல்லாவற்றின் பைட்டையும் கூட்டிப் போட்டேன். எக்ஸ்ரே அறைக்கு வந்திருக்கும் புது மெஷின் ஒரு மாம்பழ சீசனுக்குள் கொண்டுவந்து கொட்டுவதைவிட அது குறைவு. பார்த்தார். உண்மைதான் என்றார். ஆனால் மேலிடத்து உத்தரவு, வார இறுதியில் பழைய கணினியை நிறுத்திவிடுவார்கள் என்றார். அப்படியென்றால் அதற்குள் அத்தனையையும் நான் புதியதற்குக் கொண்டுபோகிறேன் என்றேன்.

“மீக்கெந்துக்கம்மா ஈ பனி?” உங்களுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டார்.

“பனி நாதி. மீரு வெள்ளண்டி.” வேலை என்னுடையது, நீங்கள் போகலாம் என்றேன்.

மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு படமும் போய்ச் சேர்ந்ததும் இந்தப் பக்கம் எத்தனை பைட், அந்தப் பக்கம் எத்தனை பைட் என்று கேட்கிறேன். ஒரு பைட் குறைந்தாலும் திரும்ப அனுப்புகிறேன். அதோடு வேலை முடிந்தது என்று எழுந்திருக்கலாம். நீ வரும் முன்பு நான் அப்படிப்பட்டவள்தான். இப்போது அளவு ஒத்துப்போன பிறகும் திறக்கிறேன். விலா எலும்புகளை மேலிருந்து கீழே, நீ விரல் வைத்துப் போன வழியிலேயே பார்க்கிறேன். பாதிதான் தெரிகிறது எனக்கு. இருந்தாலும் பார்க்கிறேன்.

மேனேஜர் மறுபடி வாசலில் வந்து நிற்கிறார். இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்கிறார். நிற்கட்டும். திரையில் யாரோ ஒரு பெண்ணின் நெஞ்சு இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவுதான். ஆனால் நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை.